நோ டியூ கையெழுத்து

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றவில்லை. திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். காலேஜ்ல நாலு வருஷம் படிச்சீங்க இல்லையா, அந்த நாலு வருஷத்துல லைப்ரரியன்கிட்ட எத்தனை தடவை பேசியிருப்பீங்க?

என் கணக்கு ரெண்டு. முதல் வருஷம் லைப்ரரி கார்டு வாங்கும்போது ஒரு தடவை. கடைசி வருஷம் நோ டியூ ஃபார்ம்ல கையெழுத்து வாங்கும்போது ஒரு தடவை. அந்த ஃபார்ம் ஞாபகம் இருக்கா? ஹாஸ்டல், மெஸ், லேப், ஸ்போர்ட்ஸ்னு வரிசையா கட்டம் இருக்கும். அதுல லைப்ரரிக்கும் ஒரு கட்டம். "புக் எதுவும் பாக்கி இல்லையே?"ன்னு கேட்டார். "இல்ல சார்"னேன். போட்டுக் கொடுத்துட்டார். நாலு வருஷமா ஒரு புக் கூட எடுக்காதவன்கிட்ட பாக்கி எப்படி இருக்கும்?

இது இப்போ ஏன் ஞாபகம் வந்துச்சுன்னா, என் சித்தி பொண்ணு. சிவில் இன்ஜினியரிங், கடைசி வருஷம். ரெண்டு மாசம் முன்னாடி ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணி அழுறா. என்னன்னு கேட்டா, ஃபர்ஸ்ட் ரிவ்யூல மாட்டிக்கிட்டாளாம்.

இல்லாத பேப்பர்

அவளோட ப்ராஜெக்ட், தாம்பரம் பக்கத்துல பத்து தெருவுல போர் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் எப்படி இருக்குன்னு பார்க்கிறது. நல்ல டாப்பிக். மீட்டர் எடுத்துக்கிட்டு வீடு வீடா போயிருக்கா. அந்த வேலையில எந்தக் குறையும் இல்ல. பிரச்சினை லிட்ரேச்சர் சர்வேல. ஒரு ஏ.ஐ. சாட்பாட்கிட்ட "சென்னை நிலத்தடி நீர் பத்தி பதினஞ்சு ஆராய்ச்சிக் கட்டுரை கொடு"ன்னு கேட்டிருக்கா. அது கொடுத்திருக்கு. ஆசிரியர் பேரு, ஜர்னல் பேரு, வருஷம், பக்க எண், எல்லாமே பக்காவா இருக்கு.

கைடு மேடம் லிஸ்டைப் பார்த்துட்டு, "அஞ்சாவது பேப்பர் நல்லா இருக்கே, எடுத்துக் காட்டும்மா"ன்னு கேட்டிருக்காங்க. தேடுனா கிடைக்கல. ஆறாவதும் இல்ல. பதினஞ்சுல ஏழு பேப்பர் உலகத்துலயே கிடையாது. மேடம் திட்டல. "ஒரு வாரம் டைம் தர்றேன், நீ படிச்ச பேப்பரை மட்டும் கொண்டு வா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

சாட்பாட் ஏன் இப்படிப் பண்ணுதுன்னு இந்த பாட்காஸ்ட் கேட்கிற நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த மாடல் அடிப்படையில எந்த அலமாரியிலயும் தேடல. இந்த இடத்துல எந்த வார்த்தை வந்தா பொருத்தமா இருக்கும்னு கணிச்சு எழுதுது. ரெஃபரன்ஸ் மாதிரி ஒண்ணு எழுதுன்னா ரெஃபரன்ஸ் மாதிரியே எழுதும். இப்போ சில கருவிகள் இணையத்துல தேடியும் சொல்லுது, ஆனா லிங்கைத் திறந்து பார்க்க வேண்டியது நாமதான். 2023-ல நியூயார்க்ல வக்கீல்கள் சிலர் சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத வழக்குகளை நிஜ வழக்குன்னு கோர்ட்டுல தாக்கல் பண்ணி, 5,000 டாலர் அபராதம் கட்டினாங்க. அவங்க எல்லாம் பல வருஷ அனுபவம் உள்ளவங்க. இவளுக்கு இருபத்தொரு வயசு.

நான் பெரிய அண்ணன் மாதிரி அட்வைஸ் ஆரம்பிச்சேன். "செக் பண்ணாம எப்படிடி போட்ட?" அவ திருப்பிக் கேட்டா: "நீ எப்படிண்ணா பண்ண?"

பொய் சொல்ல முடியல. எங்க டீம்ல நாலு பேர். சீனியர் ரிப்போர்ட்டோட சாஃப்ட் காப்பி ஒண்ணு பென் டிரைவ்ல வந்துச்சு. லிட்ரேச்சர் சர்வே சேப்டரை அப்படியே எடுத்து, வாக்கியத்தைக் கொஞ்சம் மாத்தி, இருபது ரெஃபரன்ஸ் போட்டோம். இருபது பேப்பரும் நிஜமாவே இருந்துச்சு. அதுல ஒண்ணைக் கூட நான் திறக்கல. எனக்கு ஏ கிரேடு. படிக்காததைப் படிச்சதா சொன்னதுல அவளுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்ல. என்கிட்ட யாரும் அஞ்சாவது பேப்பரைக் கேட்கல, அவ்வளவுதான்.

"எதுக்கு நல்ல தண்ணி?"

அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம். 2010-ல திறந்த லைப்ரரி, ஒன்பது மாடி. அந்த ரோட்டுல எத்தனையோ தடவை பைக்ல போயிருக்கேன், உள்ள போனது ஒரே தடவை, அதுவும் ஒரு ஃப்ரெண்டை பிக்கப் பண்ண. சொந்த புக் கொண்டு வந்து படிக்கிற பகுதியில போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க கூட்டம். நாங்க அதைத் தாண்டி மேல போனோம்.

தங்கச்சி கவுன்டர்ல போய், "வாட்டர் குவாலிட்டி புக் எங்க மேடம் இருக்கு?"ன்னு கேட்டா. அங்க இருந்த நூலகர் கையை நீட்டி அலமாரியைக் காட்டியிருக்கலாம். காட்டல.

"உனக்கு என்னம்மா தெரியணும்?"

"தண்ணி நல்லா இருக்கான்னு தெரியணும் மேடம்."

"எதுக்கு நல்லா இருக்கணும்? குடிக்கவா, குளிக்கவா, காங்கிரீட் போடவா?"

"குடிக்க."

"குடிக்க நல்லதுன்னா? வாய்க்கு நல்லா இருக்கணுமா, உடம்புக்கு நல்லா இருக்கணுமா? உடம்புக்குன்னா உப்பைப் பத்தி கேட்கிறியா, கிருமியைப் பத்தி கேட்கிறியா?"

தங்கச்சி என்னைப் பார்க்கிறா. நான் ஜன்னலைப் பார்க்கிறேன். ஆறு மாசமா பண்ற ப்ராஜெக்ட்டோட கேள்வியே எங்களுக்குத் தெரியலன்னு அப்போதான் புரிஞ்சுது. அந்த மேடம் தண்ணி நிபுணர் கிடையாது. அவங்க படிச்சது நூலக அறிவியல். ஒருத்தர் கேட்கிற கேள்விக்குப் பின்னாடி இருக்கிற நிஜமான கேள்வியை வெளியில எடுக்கிறதுக்கு அந்தத் துறையில தனியா பயிற்சியே இருக்கு. எங்க வேலையில கஸ்டமர்கிட்ட ரிக்வயர்மென்ட் வாங்குறோமே, கிட்டத்தட்ட அதுதான். நாங்க அதுக்கு மூணு மீட்டிங் போடுவோம். அவங்க மூணு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க.

அப்புறம் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தாங்க. ஒரு அட்டவணையில விரலை வச்சாங்க. "இது எங்க இருந்து எடுத்த?"

அட்டவணைக்கு ஒரு கிட் பிளேம்

அந்த அட்டவணையை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆர்.ஓ. மெஷின் விக்க வர்றவர் கையில பேனா மாதிரி ஒரு மீட்டரை வச்சுக்கிட்டு டம்ளர்ல விடுவாரே, அந்த டி.டி.எஸ். மீட்டருக்கான அட்டவணை. ஒரு லிட்டர்ல கரைஞ்சிருக்கிற உப்பு 300 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா எக்சலண்ட். 300-ல இருந்து 600 வரை குட். 900 வரை ஃபேர். 1,200 வரை புவர். அதுக்கு மேல ஏத்துக்க முடியாது. கீழ "ஆதாரம்: உலக சுகாதார நிறுவனம்"னு இருக்கும். தங்கச்சி பத்து தெருத் தண்ணிக்கும் இதை வச்சுத்தான் மார்க் போட்டிருந்தா.

கோடு எழுதுறவங்களுக்கு கிட் பிளேம் தெரியும். ஒரு வரி புரியலன்னா, அதை யார், எப்போ, எதுக்கு எழுதினாங்கன்னு பின்னாடியே போய்ப் பார்ப்போம். அதையே அந்த அட்டவணைக்குப் பண்ணோம். அவ எடுத்தது ஒரு பியூரிஃபையர் விக்கிற தளத்துல. அங்க ஆதாரம்னு போட்டிருந்தது இன்னொரு பிளாக். அங்க இருந்து உலக சுகாதார நிறுவனத்தோட ஆவணம். சரி, இருக்குன்னு நிம்மதியா மூடப் போனா. நூலகர், "மேல இருக்கிற வரியையும் படி"ன்னாங்க.

மேல என்ன இருந்துச்சு தெரியுமா? சுவை பார்க்கிறவங்க குழு ஒண்ணு தண்ணியைக் குடிச்சுப் பார்த்து கொடுத்த மதிப்பெண் அதுன்னு இருந்துச்சு. அதுக்கு ஆதாரம் 1969-ல அமெரிக்க ஜர்னல் ஒண்ணுல வந்த கட்டுரை, தாது உப்பு உள்ள தண்ணியோட சுவையைப் பத்தினது. அதாவது எக்சலண்ட்னா வாய்க்கு எக்சலண்ட். டி.டி.எஸ்.ஸுக்குன்னு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவே இல்ல.

அப்போ நம்ம நாட்டுல அளவுகோல் என்ன? குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012-ல திருத்தின பதிப்பு. அதுல டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது. வேற தண்ணி கிடைக்காத இடத்துல 2,000 வரை அனுமதி. அதே தரத்துல கிருமிக்குத் தனியா ஒரு விதி இருக்கு. 100 மில்லி தண்ணியில ஈ.கோலை இருக்கவே கூடாது. அந்த பேனா மீட்டர் பார்க்கிறது தண்ணி எவ்வளவு கரண்டைக் கடத்துதுங்கிறதை மட்டும்தான். அதை ஒரு எண்ணால பெருக்கி டி.டி.எஸ்.னு காட்டும். கிருமி இருக்கா, ஆர்சனிக் இருக்கான்னு அதுக்குத் தெரியாது.

நான் குஷியாயிட்டேன். பக் கண்டுபிடிச்ச சந்தோஷம். திரும்பிப் பார்த்தா தங்கச்சி முகம் வெளுத்துப் போயிருக்கு.

"அண்ணா, நான் ஒரு வீட்டுல எக்சலண்ட்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

மூணாவது தெருவுல ஒரு வீடு. கிணத்துத் தண்ணி, மீட்டர்ல 270. அந்த அக்கா கேட்டிருக்காங்க: "அப்போ கொதிக்க வைக்க வேண்டாம் இல்லம்மா?" இவ "வேண்டாம்க்கா"ன்னு சொல்லிட்டு வந்திருக்கா. இன்ஜினியரிங் படிக்கிற பொண்ணு, கையில மீட்டர், உலக சுகாதார நிறுவனம் பேரு போட்ட அட்டவணை. யார்தான் நம்ப மாட்டாங்க? அந்த வீட்டுல மூணு வயசுல ஒரு குழந்தை.

அன்னைக்கு சாயங்காலமே போனோம். அவங்க நிஜமாவே கொதிக்க வைக்கிறதை நிறுத்தியிருந்தாங்க. தங்கச்சி விஷயத்தைச் சொன்னா. அந்த அக்கா கோபப்படல. "நீ தானம்மா சொன்ன?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கு எங்க ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்ல. அடுத்த நாள் கிருமி இல்லாத பாட்டில்ல சாம்பிள் எடுத்து, ஐஸ் பெட்டியில வச்சு லேபுக்குக் கொண்டு போனா. ரிசல்ட் வந்துச்சு. ஈ.கோலை இருக்கு. கிணத்துக்குப் பக்கத்துலயே செப்டிக் டேங்க். குழந்தைக்கு எதுவும் ஆகல. நல்ல நேரம்னுதான் சொல்லணும்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கு. கட்டணம் கட்டி தண்ணியைச் சோதிச்சுக்கலாம். இதைக் கேட்கிற யார் வீட்டுலயாவது கிணறோ போரோ இருந்தா, மீட்டரை நம்பி முடிவு பண்ணாதீங்க.

இதுக்கு ஒரு பேர் இருக்கு

சரி, அன்னைக்கு அந்த நூலகர் எங்களுக்குக் கொடுத்தது என்ன? ஒரு புத்தகத்தோட கால் எண் கொடுத்தாங்க, அது வேற விஷயம். முக்கியமா மூணு கேள்வி கொடுத்தாங்க. எனக்கு நிஜமா என்ன தெரியணும்? இதை யார் சொல்றாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தத் திறமைக்கு நூலகத் துறையில இன்ஃபர்மேஷன் லிட்டரசின்னு பேரு. தமிழ்ல தகவல் எழுத்தறிவுன்னு சொல்றாங்க. 1974-ல அமெரிக்காவுல பால் சுர்கோவ்ஸ்கிங்கிறவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கூகுள் வர்றதுக்கு இருபது வருஷத்துக்கும் மேல முன்னாடி. அப்பவே அவர் கவலை, தகவல் குறைவா இருக்குங்கிறது இல்ல. குவியுது, அதைக் கையாள ஆளுங்களுக்குப் பயிற்சி இல்லங்கிறதுதான்.

நம்ம ஊருக்கும் இதுல பெரிய பங்கு இருக்கு. எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழியில பிறந்தவர், மாநிலக் கல்லூரியில கணக்கு வாத்தியாரா இருந்தவர். 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகரானார். லண்டன் போய் படிச்சுட்டு வந்து, 1931-ல நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகப் படிப்புல அதைச் சொல்லித் தர்றாங்க. அதுல ஒரு விதி வாசகரோட நேரத்தை வீணாக்கக் கூடாதுங்கிறதைப் பத்தினது. வர்றவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு வழிகாட்டுறது நூலகத்தோட மைய வேலைன்னு அவர் நினைச்சார். அவர் பிறந்த ஊர்ல இருந்து சில மணி நேரத் தூரத்துல படிச்ச எனக்கு, லைப்ரரியன்னா "சைலன்ஸ்"னு சொல்றவர்னுதான் தெரியும்.

இன்னொரு விஷயம். 2017-ல ஸ்டான்ஃபோர்ட்ல சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ரெண்டு பேரும் ஒரு ஆய்வு பண்ணாங்க. பிஎச்.டி. முடிச்ச வரலாற்று அறிஞர்கள் 10 பேர், உண்மை சரிபார்க்கிற வேலையில இருக்கிறவங்க 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர். சில இணையதளங்களைக் கொடுத்து எதை நம்பலாம்னு கேட்டாங்க. குழந்தை மருத்துவர்களுக்கான ரெண்டு அமைப்பு; ஒண்ணு பெரிய, பழைய மருத்துவ அமைப்பு, இன்னொண்ணு கொள்கை காரணமா பிரிஞ்சு போன சின்ன குழு. ரெண்டு தளமும் பார்க்க ஒரே மாதிரி. மாணவர்கள்ல பாதிக்கும் மேல ரெண்டாவதுதான் நம்பகமானதுன்னு சொன்னாங்க. அறிஞர்கள்லயும் பலர் தடுமாறினாங்க. சரிபார்க்கிறவங்க தடுமாறல. அவங்க அந்தப் பக்கத்தை முழுசா படிக்கவே இல்ல. உடனே வேற டேப் திறந்து, இந்த அமைப்பைப் பத்தி மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்தாங்க. பக்கவாட்டு வாசிப்புன்னு இதுக்குப் பேரு.

இது நமக்குப் புதுசு இல்லையே. பொண்ணு பார்க்கப் போறதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை வீட்டைப் பத்தி அவங்க வீட்டுலயேவா விசாரிப்போம்? அக்கம்பக்கத்துல விசாரிப்போம். கல்யாணத்துக்குப் பண்றதை ஒரு வெப்சைட்டுக்குப் பண்ண மாட்டேங்கிறோம்.

நாளைக்கே பண்ணக்கூடியது

கேட்கிற ஸ்டூடண்ட்ஸுக்கு சில விஷயம். ஒரு ரெஃபரன்ஸ் நிஜமான்னு தெரியணுமா? டி.ஓ.ஐ. எண் இருந்தா அதை டி.ஓ.ஐ. தளத்துல போடுங்க, நேரா கட்டுரைக்குப் போகும். இல்லன்னா தலைப்பை மேற்கோள் குறிக்குள்ள வச்சுத் தேடுங்க. இந்தியப் பல்கலைக்கழகங்களோட பிஎச்.டி. ஆய்வேடுகள் சோத்கங்காவுல இலவசமா கிடைக்குது. காசு கட்டணும்னு கேட்கிற பேப்பரைப் பார்த்து உடனே டேபை மூடாதீங்க. பல காலேஜ்ல அந்த ஜர்னலுக்கு ஏற்கெனவே சந்தா கட்டியிருப்பாங்க, உங்க ஃபீஸ்லதான். பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கும்? லைப்ரரியன்கிட்ட.

முக்கியமா, லைப்ரரியன்கிட்ட போகும்போது புக் பேரைக் கேட்காதீங்க. உங்க கேள்வியைச் சொல்லுங்க. அது மொக்கையா இருந்தாலும் பரவாயில்ல, தங்கச்சியோடது மாதிரி. அதைச் சரி பண்றதுதான் அவங்க வேலை.

எல்லா இடத்துலயும் அப்படி ஒருத்தர் கிடைப்பாங்களான்னு கேட்டா, கஷ்டம்தான். என் ஸ்கூல்ல லைப்ரரின்னா பூட்டின பீரோ. லைப்ரரி பீரியடை கணக்கு வாத்தியார் எடுத்துக்குவார். பல காலேஜ்ல நூலகரை புக்குக்குக் காவல் இருக்கிறவர் மாதிரிதான் வச்சிருக்காங்க. ஒரு கிளாஸ் எடுக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்ல. அவர் எம்.லிப். படிச்சதே இதுக்குத்தான்.

அதனால இதைக் கேட்கிற ப்ரொஃபசர்கள், எச்.ஓ.டி.கள் யாராவது இருந்தா ஒரு சின்ன வேண்டுகோள். லைப்ரரியனோட அந்தக் கையெழுத்தை கடைசி வாரத்துல இருந்து முதல் வாரத்துக்கு மாத்துங்க. ப்ராஜெக்ட் டாப்பிக் முடிவானதும், ஒவ்வொரு டீமும் லைப்ரரில ஒரு மணி நேரம் உட்காரணும். எங்க கேள்வி இது, நாங்க திறந்து படிச்ச அஞ்சு ஆதாரம் இதுன்னு காட்டணும். அஞ்சே அஞ்சு போதும். அவர் கையெழுத்து போட்டாத்தான் ஃபர்ஸ்ட் ரிவ்யூ. புது பட்ஜெட் வேண்டாம், புது கட்டடம் வேண்டாம். ஃபார்ம்ல கட்டம் ஏற்கெனவே இருக்கு.

தங்கச்சி விஷயத்தை முடிச்சிடுறேன். அடுத்த ரிவ்யூக்கு பதினஞ்சுக்குப் பதிலா ஆறு ரெஃபரன்ஸோட போனா. ஆறும் படிச்சது. மார்க் சுமார்தான் வந்துச்சு, எனக்கு வந்த ஏ கிரேடு அவளுக்கு வரல. ஆனா அட்டவணையோட தலைப்பை மாத்திட்டா. "தண்ணீரின் தரம்"னு இருந்ததை "தண்ணீரின் சுவை"ன்னு போட்டு, கிருமிக்குத் தனியா ஒரு சேப்டர் சேர்த்திருக்கா. பத்து தெருவுக்கும் திரும்பப் போய், முன்னாடி கொடுத்த சீட்டை எல்லாம் வாங்கிட்டு வந்தா. மூணாவது தெரு அக்கா மட்டும் சீட்டைத் திருப்பித் தரலையாம். ஃபிரிட்ஜ் மேல ஒட்டி, எக்சலண்டை அடிச்சுட்டு "கொதிக்க வைக்கவும்"னு எழுதியிருக்காங்களாம்.

உங்க காலேஜ்ல உங்களுக்குத் தேடக் கத்துக் கொடுத்த நூலகர் யாராவது இருந்தா, இந்த வாரம் அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. நான் என் பழைய லைப்ரரியனுக்குப் பேசினேன். அவருக்கு என்னை அடையாளமே தெரியல. தெரியாததுல ஆச்சரியம் இல்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.